அக்காவுக்கு மைட்ரல் வால்வு மாத்தவேணும்: உலோக வால்வா, திசு வால்வா?

உப்புவெளி:

வணக்கம். அக்காவுக்கு 41 வயசு. சின்னனில ருமற்றிக் காய்ச்சல் வந்து பென்சிலின் ஊசி போட்டு வந்தவ, இடையில கொஞ்ச வருசம் விட்டுட்டா. இப்ப மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது, நிமிர்ந்து படுத்தால் இருமல். எக்கோவில (இருதய ஸ்கான்) மைட்ரல் வால்வின்ர, அதாவது இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையில இருக்கிற வால்வின்ர வாய் 0.9 சதுர சென்ரிமீற்றர், கசிவு நடுத்தரத்துக்கு மேல, இதழ் தடிச்சு கல்சியம் படிஞ்சிருக்கு எண்டு எழுதியிருக்கு. துடிப்பும் ஒழுங்கில்லை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாம். பலூன் சரிவராது, நெஞ்சைத் திறந்து வால்வை மாத்தவேணும் எண்டு சொல்லியாச்சு. உலோகமா திசுவா எண்டு யோசிச்சுக்கொண்டு அடுத்த கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கினம்.

ரெண்டு பிள்ளைகள், இனிப் பிள்ளை வேண்டாம் எண்ட முடிவு. உலோகம் போட்டால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின், இரத்தம் உறையாமல் வைக்கிற குளிசை, எண்டினம். இரத்தம் சோதிக்கத் தேவையில்லாத புதுக் குளிசை இருக்கு எண்டும் ஒராள் சொன்னவர், அது உண்மையோ? சத்திரசிகிச்சைக்கு முன்னம் பின்னம் வீட்டில என்ன ஆயத்தம் செய்யவேணும்? வீட்டில கிணறுதான். விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

—

கன்னியா:

பலூன் ஏன் சரிவராது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். சுகமான மைட்ரல் வால்வின் வாய் 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர். 1.5 அல்லது அதற்குக் கீழே வந்தாலே கடுமையான சுருக்கம் என்று கணக்கு. ருமற்றிக் வருத்தத்தில் இரண்டு இதழ்களும் சந்திக்கிற மூலைகள் ஒட்டிப்போகின்றன. தொடை நாளத்தால் ஏற்றுகிற பலூன் அந்த மூலைகளைத்தான் பிரிக்கிறது. இதழ் இளகியிருந்தால் பிரியவேண்டிய இடத்தில் பிரியும். கல்சியம் படிந்திருந்தால் மூலை பிரியாமல் இதழ் நடுவால் கிழிந்து, அந்த நிமிடமே பெருங்கசிவு வரும். இதழின் அசைவு, தடிப்பு, கல்சியம், கீழே பிடித்திருக்கிற நாண்களின் நிலை ஆகிய நான்குக்கும் எக்கோவில் 1 முதல் 4 வரை புள்ளி போடுவார்கள். கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் குறைவு என்றால் பலூனுக்கு நல்ல வால்வு. உங்கள் அக்காவுக்கு ஏற்கெனவே கசிவும் இருப்பதால் அந்தக் கதவு மூடியாயிற்று. வால்வைப் பழுதுபார்த்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தடித்துச் சுருங்கிய ருமற்றிக் இதழில் செய்கிற பழுதுபார்ப்பு பலருக்கு நிலைப்பதில்லை.

இனித் தெரிவு. உலோக வால்வு என்று சொன்னாலும் அதன் இரண்டு தட்டுகளும் ஒருவகைக் கடினக் காபன். தேயாது. ஆனால் இரத்தம் அதில் உறையப் பார்க்கும், ஆகவே வார்ஃபரின் ஒருநாளும் நிற்காது. திசு வால்வு மாட்டின் இருதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்தது. அதற்கு வார்ஃபரின் முதல் 3 முதல் 6 மாதம் மட்டும். குறை என்னவென்றால் 10, 15 வருடத்தில் இறுகிக் கிழியும். வயது குறைந்தவர்களுக்கு இன்னும் கெதியாக. மைட்ரல் இடத்தில் அயோட்டிக் இடத்தைவிட (இருதயத்திலிருந்து பெருநாடிக்குப் போகிற வாய்) கெதியாக, ஏனென்றால் இடது கீழறை இறுகும் ஒவ்வொரு முறையும் முழு அழுத்தமும் மூடின வால்வில்தான் விழுகிறது.

அமெரிக்காவின் 2020 வழிகாட்டலும் ஐரோப்பாவின் 2021 வழிகாட்டலும் மைட்ரலுக்கு 65 வயதுக்குக் கீழே உலோகப் பக்கம்தான் சாய்கின்றன. 41இல் திசு போட்டால் 55 வயதளவில் இரண்டாம் முறை நெஞ்சைத் திறக்கவேண்டி வரலாம். இரண்டாம் முறை இருதயம் நெஞ்செலும்பின் பின்பக்கத்தோடு ஒட்டியிருக்கும், ஆபத்துக் கூட. கதீற்றர் (இரத்தநாளத்தால் ஏற்றுகிற மெல்லிய குழாய்) வழியாகப் பழைய திசு வால்வுக்குள் புதிய வால்வு வைக்கிற முறை உண்டு, ஆனால் விலை பெரியது. அதை நம்பி இன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம்.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது வயதைவிட அந்த ஒழுங்கில்லாத் துடிப்புத்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நின்றுவிடாவிட்டால் திசு வால்வு போட்டாலும் இரத்தம் உறையாமல் வைக்கிற குளிசை வேண்டும். குளிசையும் இருக்கும், இரண்டாம் சத்திரசிகிச்சையும் காத்திருக்கும் என்றால் திசுவால் என்ன இலாபம்? ஆகவே அவருக்கு உலோகம். ஒரு நிபந்தனை: ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டுகிற சோதனை எண்) ஒழுங்காகச் சோதிக்க ஆளும் வழியும் இருக்கவேண்டும். சோதிக்க முடியாத இடத்தில் வாழ்கிறவருக்கும், குளிசையை விட்டு விட்டுப் போடுகிறவருக்கும் நான் 41 வயதிலும் திசுவைத்தான் சொல்வேன். பிள்ளை பெற விரும்புகிறவர்களுக்கும் கணக்கு வேறு. வார்ஃபரின் கர்ப்பத்தின் 6 முதல் 12ஆம் கிழமைவரை கருவைப் பாதிக்கும், ஹெப்பாரினுக்கு (உறைவைத் தடுக்கிற ஊசி) மாறினால் வால்வு உறையும் ஆபத்துக் கூடும்.

பிள்ளை வேண்டாம் என்பது முடிவானால் கருத்தடையையும் இப்போதே பேசி முடியுங்கள். ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசை உறைவைத் தூண்டும், கூடாது. 41 வயதுப் பெண்ணுக்கு வார்ஃபரினில் மாதவிடாய் கடுமையாகப் போகக்கூடும். இதை முன்கூட்டி யாரும் சொல்வதில்லை, பிறகு பயத்தில் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். கருப்பைக்குள் ஹோமோன் லூப் வைத்தால் கருத்தடையும் ஆகும், இரத்தப்போக்கும் குறையும். மகப்பேற்று வைத்தியரிடம் கேட்கவேண்டிய விஷயம்.

கிளினிக்கில் மூன்று கேள்வி கேளுங்கள். இடது மேலறையில் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று உணவுக்குழாய் வழி எக்கோவில் பார்த்தார்களா? வால்வு மாற்றும்போதே துடிப்புக் கோளாறுக்கும் ஏதாவது செய்வார்களா? மேலறையின் காதுபோன்ற பையை மூடுவார்களா? கட்டிகள் பெரும்பாலும் அந்தப் பையில்தான் உருவாகும். மூதூர், கிண்ணியாப் பக்கம் திசு வால்வைப் பற்றி யோசிக்கிற குடும்பங்கள் சமயக் காரணத்துக்காகப் பன்றியா மாடா என்பதையும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சை முடிந்தபிறகு அந்தக் கதை வந்தால் எல்லாருக்கும் மனக்கஷ்டம்.

—

தம்பலகாமம்:

கன்னியா சொன்னதோட எனக்கும் சம்மதம். நான் வார்ஃபரினை மட்டும் எழுதுறன்.

முதல்ல அந்தப் புதுக் குளிசை. அந்த வகையில ஒண்டான டாபிகட்ரானை உலோக வால்வுக்காரருக்குக் குடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியிலயே நிறுத்தினவை, வால்வு உறைஞ்சதும் இரத்தக்கசிவும் ரெண்டுமே கூட. அபிக்ஸபானையும் உலோக அயோட்டிக் வால்வுக்குப் பார்த்து 2022இல நிறுத்தினவை. ருமற்றிக் வருத்தத்தோட வாற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ரிவரொக்ஸபானைவிட வார்ஃபரின் வகைதான் நல்லது எண்டும் அதே 2022இல வந்த பெரிய ஆய்வு காட்டினது. அதால உங்கட அக்காவுக்கு இந்த மூண்டும் இல்லை. பாமசியில ஆரும் "இது நல்ல மருந்து, சோதனை தேவையில்லை" எண்டு மாத்தித் தந்தால் வாங்கவேண்டாம்.

உலோக மைட்ரல் வால்வுக்கு இலக்கு ஐ.என்.ஆர். 3, அதாவது 2.5 முதல் 3.5 வரை. அயோட்டிக் வால்வுக்காரருக்குப் பெரும்பாலும் 2 முதல் 3. கிளினிக் வாங்கில பக்கத்தில இருக்கிறவரின்ர கொப்பியைப் பார்த்து "அவருக்கு 2.2 நல்லமாம், எனக்கேன் கூட்டினவை" எண்டு குழம்பக்கூடாது.

இது ஏன் ஏறி இறங்குது எண்டால்: ஈரல் விற்றமின் கே வைச்சு உறைவுக் காரணிகளைச் செய்யுது, வார்ஃபரின் அதைத் தடுக்குது. ஆனால் ஏற்கெனவே இரத்தத்தில நிக்கிற காரணிகள் தீரவேணுமே. ஒண்டு சில மணித்தியாலத்தில குறையும், புரோத்துரொம்பின் குறைய ரெண்டு மூண்டு நாள். அதால இண்டைக்குப் போட்ட அளவு ரெண்டு மூண்டு நாளால தெரியும், முழுசாத் தெரிய 5 முதல் 7 நாள். இண்டைக்கு 2.1 எண்டு கூட்டி, நாளண்டைக்கு 2.3 எண்டு இன்னும் கூட்டினால், அடுத்த கிழமை 5இல நிக்கும். நான் பாக்கிற அளவில கூடுதலான குழப்பம் இந்த அவசரத்தாலதான்.

கூட்டுறதும் குறைக்கிறதும் கிழமைக் கணக்கில, மொத்தத்தில 5 முதல் 20 வீதம். தினம் 5 மி.கி. எண்டால் கிழமைக்கு 35. கொஞ்சம் கூட்டவேணுமெண்டால் கிழமையில 3 நாள் 6, மிச்ச 4 நாள் 5, அப்ப 38. கிளினிக்கில மாத்திச் சொன்னவுடன கலண்டரில ஒவ்வொரு நாளுக்கும் எழுதி, போட்ட பிறகு வெட்டுங்கோ. நேரம் பின்னேரம் 6 மணி நல்லம். காலமை இரத்தம் குடுத்து மத்தியானம் முடிவு வந்தால் அண்டைய குளிசையையே மாத்தலாம். மறந்தால் அண்டைக்கு இரவுக்குள்ள நினைவு வந்தாப் போடலாம். அடுத்த நாள்தான் தெரிஞ்சுதெண்டால் விட்டது விட்டதுதான், ரெண்டு நாளைக்குரியதைச் சேர்த்துப் போடக்கூடாது, கொப்பியில மட்டும் குறியுங்கோ.

சாப்பாடு. "கீரையே தொடாதே" எண்டு சொல்லுறவையோட எனக்கு ஒத்துவராது. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி எல்லாத்திலயும் விற்றமின் கே இருக்கு, உண்மை. ஆனால் கிழமைக்கு ரெண்டு தரம் சாப்பிடுறவ எண்டால் எப்பவும் ரெண்டு தரம் சாப்பிட்டால் சரி, குளிசை அதுக்கேத்தமாதிரி அமைஞ்சிடும். பிரச்சினை வாறது திடீரெண்டு மாறேக்க. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் வெறும் பாலும் பழமும் எண்டிருந்தால் ஐ.என்.ஆர். ஏறும். வயித்தோட்டமும் காய்ச்சலும் சாப்பிடேலாமையும் அப்பிடித்தான். விரதம் பிடிக்கிறதெண்டால் கிளினிக்கில முதலே சொல்லி, நடுவில ஒருக்காச் சோதியுங்கோ. மீன் தாராளமா.

மருந்துகளில கவனம் இன்னும் கூட வேணும். மெற்றோனிடசோல், கோட்ரைமொக்சசோல், ஃப்ளூகொனசோல் இந்த மூண்டும் ஐ.என்.ஆரைப் பலமா ஏத்தும். சிப்ரோஃப்ளொக்சசினும் கிளாரித்ரோமைசினும் ஏத்தும். பல்லுக்கும் வயித்துக்கும் மெற்றோனிடசோல் சும்மா குடுபடுற மருந்து எண்டதால அதைத்தான் முதல் சொல்லுறன். எந்த அன்ரிபயோட்டிக் தொடங்கினாலும் 3 முதல் 5 நாளுக்குள்ள சோதனை. துடிப்புக்கு அமியோடரோன் தொடங்கினால் வார்ஃபரின் பாதியளவுக்குக் குறைக்கவேண்டி வரலாம், அதை நிப்பாட்டின பிறகும் பல கிழமை வேலை செய்யும். ரிஃபாம்பிசினும் கார்பமசெப்பினும் மறுபக்கம் இறக்கும். நோவுக்கு டைக்ளோஃபெனக், ஐபுப்ரூஃபன், மெஃபெனமிக் அசிட் மூண்டும் கூடாது. பனடோல் போடலாம். ஆனால் ஒரு நாளைக்கு 500 மி.கி. குளிசை நாலுக்கு மேல, பல நாள் தொடர்ந்து போட்டால் அதுவும் ஏத்தும். என்ன சேர்ந்திருக்கெண்டு தெரியாத லேகியம், அரிஷ்டம் தொடவேண்டாம்.

—

உப்புவெளி:

ரெண்டு பேருக்கும் நன்றி, நிறையத் தெளிவு. இங்க எப்பவாவது வார்ஃபரின் தட்டுப்பாடு வந்தால் லண்டனில இருந்தும் கனடாவில இருந்தும் அனுப்ப ஆக்கள் இருக்கினம். பரவாயில்லையோ?

—

தம்பலகாமம்:

அதில ஒரு கண்ணி இருக்கு. பிரித்தானியாவில இளஞ்சிவப்புக் குளிசை 5 மி.கி. கனடாவிலயும் அமெரிக்காவிலயும் இளஞ்சிவப்பு 1 மி.கி. நீலம் பிரித்தானியாவில 3, அங்கால 4. "ரோஸ் குளிசை ஒண்டு" எண்டு பழகின வீட்டில இது கலந்தால் ஒண்டில் வால்வு உறையும், இல்லாட்டி இரத்தம் கசியும். நிறத்தை மறந்துபோட்டு, அட்டையில அச்சடிச்சிருக்கிற மி.கி.யை மட்டும் வாசியுங்கோ. ரெண்டு நாட்டு அட்டையையும் ஒரே டப்பாவில போடக்கூடாது. கம்பனி மாறினால் ஒரு கிழமையில ஒருக்காச் சோதியுங்கோ.

—

கொட்டியாரக்குடா:

வீட்டு ஆயத்தம் பற்றி.

பல்லைத்தான் முதலில் பார்க்கவேண்டும். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்துக்குப் போய்ப் புது வால்வில் குடியேறினால் அதைக் கழுவி எடுக்க முடியாது. திகதி வந்த பிறகு பல்வைத்தியரிடம் ஓடினால், பிடுங்கின இடம் ஆறும்வரை சத்திரசிகிச்சை தள்ளிப்போகும். திகதி வரமுதலே முழு வாயையும் காட்டி, பிடுங்கவேண்டியதைப் பிடுங்கி, துப்பரவாக்கி, அதற்கு ஒரு கடிதமும் வாங்கிவையுங்கள். தோலில் கட்டி, சிரங்கு, சிறுநீர்க் கிருமி இருந்தாலும் அப்படித்தான். இப்போதே வார்ஃபரின் போடுகிறவர் என்றால் அதை ஏறக்குறைய 5 நாளுக்கு முதல் நிறுத்தச் சொல்வார்கள். எந்த நாள், பதிலுக்கு ஹெப்பாரினா என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

சத்திரசிகிச்சை கொழும்பிலோ கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ நடக்கும். வெட்டு முடிந்து வீட்டுக்கு விட்டவுடன் திருமலைக்கு ஓடிவர அவசரப்படாதீர்கள். முதல் கிழமைகளில் ஐ.என்.ஆர். நிலைக்காது, கிழமைக்கு இரண்டு தரமாவது பார்க்கவேண்டும். ஊருக்கு வருவதென்றால் வந்து மூன்று நாளுக்குள் எங்கே இரத்தம் கொடுப்பது, முடிவை யார் பார்த்து அளவு சொல்வது என்று முதலே ஒழுங்குபண்ணிக்கொண்டு வாருங்கள். கொழும்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். காரில் பின் சீற், பெல்ற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையில் மடித்த துவாய், ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறங்கி நடை. இரவு ரெயில் வசதிபோலத் தெரியும், ஆனால் பெட்டியின் படி உயரம், கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கும்போது நெஞ்செலும்பு இழுபடும்.

அந்த எலும்பை நடுவால் பிளந்து உருக்குக் கம்பியால் கட்டியிருப்பார்கள். கம்பி வெளியில் வராது, அப்படியே இருக்கும். எலும்பு பொருந்த 6 முதல் 12 கிழமை. அதுவரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. கிணற்று வாளி நிரம்பினால் 10 லீற்றர், 10 கிலோ, அதையும் கீழிருந்து மேலே இரண்டு கையால் இழுக்கவேண்டும். மூன்று மாதம் கிணற்றுப்பக்கம் வேறு ஆள் வேண்டும். தேங்காய் திருவுவதும் அம்மியில் அரைப்பதும் அதே இழுவைதான், அது யாருக்கும் நினைவு வருவதில்லை. படுக்கையிலிருந்து எழும்பும்போது கையை ஊன்றி நெம்பாமல், பக்கவாட்டில் உருண்டு காலைக் கீழே போட்டு எழும்பவேண்டும். இருமும்போது சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைக்கவேண்டும். பெண்களுக்கு இன்னொன்று: மார்பின் பாரம் காயத்தை இரண்டு பக்கமும் இழுக்கும், முன்பக்கம் பூட்டுகிற மெத்தென்ற பிறா இரவிலும் போட்டால் காயம் திறப்பது குறையும். மூச்சுவிடும்போதோ திரும்பும்போதோ எலும்பு "கடக்" என்று நகர்ந்தால், காயத்தில் நீர் கசிந்தால், உடனே வாட்டுக்குப் போகவேண்டும்.

நடை தாராளமாக, ஆனால் சமதரையில். கோணேசர் கோயில் ஏற்றத்தைக் குறைந்தது ஆறு கிழமைக்குப் பிறகு பாருங்கள். கடல் குளிப்பும் வெந்நீர்க் கிணறும் காயம் முழுதாக ஆறினபிறகு. தினமும் காலையில் நிறை எடுங்கள், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பு அல்ல, நீர்.

பென்சிலின் நிற்காது. வால்வு மாற்றிவிட்டார்களே, இனி எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ருமற்றிக் காய்ச்சல் திரும்ப வந்தால் மிச்ச வால்வுகளையும் பிடிக்கும். தசையில் போடுகிற ஊசி வார்ஃபரினோடு இரத்தம் கட்டக்கூடும், ஆகவே ஐ.என்.ஆர். பார்த்துவிட்டுப் போடுவார்கள், அல்லது தினம் இரண்டு வேளை 250 மி.கி. குளிசைக்கு மாற்றுவார்கள். எத்தனை வயதுவரை என்பதை இருதய நிபுணர்தான் சொல்லவேண்டும்.

பிறகு எப்போதாவது பல்லுப் பிடுங்கவேண்டி வந்தால் வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஐ.என்.ஆர். 4க்குக் கீழே என்றால் நிறுத்தாமலே பிடுங்கலாம், துணி வைத்து அழுத்தி, ரனெக்ஸாமிக் அமிலக் கரைசலால் வாய் கொப்பளித்தால் இரத்தம் நிற்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் அமொக்சிசிலின் 2 கிராம், பென்சிலின் ஒவ்வாமை இருந்தாலோ ஏற்கெனவே தினம் பென்சிலின் போட்டாலோ வேறு மருந்து. பல்வைத்தியரிடம் முதல் வசனமே "செயற்கை வால்வு, வார்ஃபரின், பென்சிலின்" என்று இருக்கட்டும்.

காய்ச்சல் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே அதில்தான் பிழைக்கிறார்கள். உலோக வால்வு உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் அன்ரிபயோட்டிக் தொடங்கமுதல் வெவ்வேறு இடத்தில் மூன்று தரம் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்க்கப் போடவேண்டும். தனியார் இடத்தில் இரண்டு நாள் குளிசை வாங்கிப் போட்டுவிட்டுப் போனால் கிருமி வளராது, என்ன கிருமி என்று தெரியாமல் ஆறு கிழமை குருட்டு வைத்தியம். மாரியில் காய்ச்சல் என்றால் டெங்குவும் இருக்கும். பிளேட்லெட் இறங்குகிற நேரத்தில் வார்ஃபரினும் வேலை செய்தால் ஆபத்து, வார்ஃபரினைச் சும்மா நிறுத்தினால் வால்வுக்கு ஆபத்து. வீட்டில் வைத்துத் தீர்மானிக்கிற காரியம் அல்ல, முதல் நாளே வைத்தியசாலை.

உலோக வால்வின் "ரிக் ரிக்" சத்தம் இரவில் அமைதியாக இருக்கும்போது கேட்கும், பழகிவிடும். அந்தச் சத்தம் மங்கினால் அல்லது நின்று, மூச்சு வாங்கினால் தட்டில் கட்டி பிடித்திருக்கலாம். வாய் கோணுதல், கை விழுதல், பேச்சுக் குழறல், கறுப்பு மலம், தலையில் சின்ன அடி என்றாலும் காலைவரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். வால்வு அட்டை எப்போதும் பையில்.

—

மாபிள் கடற்கரை:

இடையில ஒரு கேள்வி. ஒரே காலமை ரெண்டு லாப்பில இரத்தம் குடுத்து ஐ.என்.ஆர். ஒண்டில 2.9, மற்றதில 3.9 வந்திருக்கு. எதை நம்புறது?

—

தம்பலகாமம்:

ரெண்டு லாப் எண்டால் கொஞ்ச வித்தியாசம் வரத்தான் செய்யும், ஆனால் 1.0 வித்தியாசம் கூடிப்போச்சு. எண்ணைப் பார்க்கமுதல் ரியூப்பைப் பாருங்கோ. நீல மூடி ரியூப்புக்குள்ள சிட்ரேட் திரவம் அளந்து வைச்சிருக்கு, 9 பங்கு இரத்தத்துக்கு 1 பங்கு. உதாரணமா 0.2 மி.லீ. சிட்ரேட்டுக்கு 1.8 மி.லீ. இரத்தம். நரம்பு கிடைக்கேல்லை எண்டு பாதியோட விட்டால் சிட்ரேட் மிஞ்சி, ஐ.என்.ஆர். பொய்யாக் கூடிக் காட்டும். அந்தப் பொய் 3.9ஐ நம்பிக் குளிசையைக் குறைச்சால் உண்மையில வால்வு காப்பில்லாமல் நிக்கும். மற்றது, எடுத்தவுடன மெதுவா மூண்டு நாலு தரம் கவிட்டு நிமித்தவேணும். குலுக்கவும் கூடாது, சும்மா விடவும் கூடாது, சின்னக் கட்டி பிடிச்சாலும் முடிவு பிழைக்கும். சேகரிக்கிற இடத்தில எடுத்து வேற ஊருக்கு அனுப்புறதெண்டால் 24 மணித்தியாலத்துக்குள்ள சோதிக்கினமோ எண்டு கேளுங்கோ. இனி ஒரே லாப்பில, ஒரே நேரத்தில குடுங்கோ. ரியூப்பில இருக்கிற அளவுக் கோட்டுக்குக் கீழ இரத்தம் நிண்டால் அந்த இடத்திலயே புது ரியூப்பில திருப்பி எடுக்கச் சொல்லுங்கோ. அவை முகத்தைச் சுழிச்சாலும் பரவாயில்லை.